தானே முன்வந்து

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சூடான இஸ்திரிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தியம் செய்யலாம். பெட்டி அணைந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. குறைத்துச் சொன்னது உண்டு. முழுவதையும் சொன்னால் கேட்பவர்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கண்டக்டரம்மா சீருடையோடுதான் வந்திருந்தாள். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் கிடைத்த இடைவெளி. தோளில் தோல் பை, கழுத்தில் விசில். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்று மண்டபத்தின் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றாள். மேடையில் அவளுடைய மகள். தாத்தா கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அனுப்பிய வெள்ளைக் கவுன் குழந்தையைச் சுற்றி ஒரு கட்டடம் போல நின்றது. குழந்தை இடது பக்கம் திரும்பினால் கவுன் சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. டீச்சர் கீழேயிருந்து கையால் சாடை காட்ட, குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னது: என் அப்பா போர்வீரர். எதிரி வருகிறான் என்று தெரிந்தும் தானே முன்வந்து மலை உச்சிக்குத் திரும்பிச் சென்றார். என் அப்பாவுக்கு என்னைவிட நாடு பெரிது.

கைதட்டலில் கூரை தூக்கிக்கொண்டது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்டக்டரம்மா மட்டும் தட்டவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது மகளின் முகத்தை. 'என்னைவிட' என்று சொல்லும்போது குழந்தை விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது. டீச்சர் சொல்லிக்கொடுத்த அபிநயம். அதைச் செய்துவிட்டு, சரியாகச் செய்தோமா என்று கீழே பார்த்துச் சிரித்தது.

அவள் நேராக டிப்போவுக்குப் போய் மேலாளரிடம் இடமாற்றம் கேட்டாள். எந்த ஊர் என்று கேட்டார். "இங்கேருந்து எந்த ஊருக்கு நேர் வண்டி இல்லையோ அந்த ஊருக்கு சார்" என்றாள். மேலாளர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் மாற்றல் கேட்டிருக்கிறார்கள். அவர் சுவரிலிருந்த வழித்தட வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, தேடிச் சொல்வதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சலவைக் கடைக் குடும்பம். கீழே கடை, மேலே வீடு. மாமனாருடைய அப்பா காலத்தில் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வெளியே போய்விட, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் கால்சட்டையில் பிடித்த தீ கடையைத் தின்று, பக்கத்துக் கடையையும் ருசி பார்த்தது. எதிர்வீட்டுக் கொடியில் ஈரமாகக் கிடந்த துணிகள் அந்தச் சூட்டில் காய்ந்ததோடு நில்லாமல் சுருக்கமும் நீங்கி மடிப்போடு விழுந்தன என்பார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரே தடவையில் வீட்டை விட்டுக் கிளம்பிய ஆள் கிடையாது. தெரு முனை வரை போவார்கள், நிற்பார்கள், நெற்றியைத் தேய்ப்பார்கள், 'இதோ வந்துடறேன்' என்று திரும்பி ஓடுவார்கள். பெட்டி அணைந்திருக்கும். பூட்டிக்கொண்டு மறுபடி கிளம்புவார்கள். தானாக அணையும் பெட்டி வந்த பிறகு இந்த வழக்கம் போய்விடும் என்று தெரு நம்பியது. தானாக அணைந்ததா என்று பார்க்கத் திரும்பிப் போனார்கள். மாமனாருடைய அந்த அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் வண்டி தெரு முனையில் நின்றது. கூட வந்தவர்களில் பாதிப்பேர் கடையைப் பார்க்கப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் பிணமே ஒருமுறை தலையைத் திருப்பிக் கடைப்பக்கம் பார்த்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகை. வண்டி குலுங்கியதில் தலை சாய்ந்தது, அவ்வளவுதான்.

கண்டக்டரம்மா வேறு சாதி மனுஷி; அதாவது, கிளம்பினால் கிளம்பினதுதான் என்கிற சாதி. விசில் ஊதிவிட்டால் வண்டியை நிறுத்தமாட்டாள். அவளுடைய வண்டியில் காலையில் ஏறிய ஒரு இளைஞன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடினான். அதே வண்டி திரும்பி வரும்போது ஏறி இன்னொரு டிக்கெட் எடுத்தான். மறுநாளும் இதே கூத்து. அவனுக்கு டிரைவர் வைத்த பெயர் 'ரிட்டர்ன்'. ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள், உங்களுக்கு வேற வேலை வெட்டி இல்லையா என்று. இஸ்திரிப் பெட்டி கதையை அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த விசில் தானாக ஊதி, டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். 'ரிட்டர்ன்' அன்றைக்கு இறங்க முடியாமல் கடைசி நிறுத்தம் வரை வந்தான். கடை எரியவில்லை. கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் மாப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு, இதோ வந்துடறேன் என்று எழுந்து போனான். அவன் வந்ததும் மாமனார் போனார். அதிகாரி அவளைப் பார்த்து, யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறதம்மா என்றார். அவளுக்குப் பிடித்திருந்ததே அந்தத் திரும்பி ஓடுதல்தான். போகிறவர்களை மட்டுமே பார்த்துப் பழகிய தொழில் அவளுடையது. ஒருவன் ஒவ்வொரு தடவையும் மூச்சிரைக்கத் திரும்பி வருவது அவளுக்குப் புதிதாக இருந்தது.

பிறகு அவன் பட்டாளத்துக்குப் போனான். ஏன் என்றால், கடை ஒருவருக்குத்தான் சோறு போடும், தெருவில் ஆள் எடுத்தார்கள், போனான். மகள் பிறந்தபோது விடுப்பில் வந்து, தூங்குகிற குழந்தையின் மூச்சை எழுந்து எழுந்து பார்த்துவிட்டு, அதற்காகவே ரயிலைத் தவறவிட்டு, அடுத்த ரயிலில் போனான். சண்டை வந்தது. மேலே மலையில் ஒரு காவல் அரண். அங்கிருந்தவர்களைக் கீழே இறங்கச் சொல்லி உத்தரவு. எல்லோரும் இறங்கி வந்தார்கள். இவன் வரவில்லை.

தலைநகரில் பதக்கம் கொடுத்தார்கள். பெரிய மண்டபம், மேலே சுழலும் விசிறி, வரிசையாகக் கறுப்பு உடைகள். அதிகாரி ஒருவர் கனத்த குரலில் வாசித்தார்: பின்வாங்கும் உத்தரவு கிடைத்த பின்னும், எவருடைய கட்டளையும் இன்றி, தன்னுயிரைத் துச்சமென மதித்து, தானே முன்வந்து, எதிரி நெருங்கிக்கொண்டிருந்த உச்சிக்குத் தன்னந்தனியாகத் திரும்பிச் சென்று, தோழர்கள் அனைவரும் பத்திரமாகக் கீழே சேரும்வரை போரிட்டு வீரமரணம் எய்தினார். மாமனார் நெஞ்சு விம்ம நின்றார். மாமியார் அழுதாள். கண்டக்டரம்மாவுக்கு அந்த வாசகத்தில் ஒரு இடத்துக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. தானே முன்வந்து. யாரும் போகச் சொல்லவில்லை. கீழே இறங்கிக்கொண்டிருந்தவன். சும்மா நடந்தால் போதும், அவளிடம் வந்து சேர்ந்திருப்பான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனை யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை; அவனாகத்தான் படியில் காலை வைக்கிறான். அந்த நேரத்தில் அவளையும் கைக்குழந்தையையும் நினைத்தானா? நினைத்தும் போனானென்றால் ஒரு வலி. நினைக்கவே இல்லையென்றால் இன்னொரு வலி. கூட்ட நேரத்தில் யாரோ தலையில் கட்டிவிட்டுப் போன கிழிந்த நோட்டு மாதிரி அதை வைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். யாரிடமும் மாற்ற முடியவில்லை.

பதக்கத்தை வாங்க அவள் கையை நீட்டவில்லை. மாமனார்தான் வாங்கினார். ஊருக்கு வந்ததும் அது கடை மேசை இழுப்பறையில், வாடிக்கையாளர் சட்டைகளிலிருந்து உதிர்ந்த பட்டன்களோடு போய்ச் சேர்ந்தது. வைத்தது அவள். எடுக்க மாமனாருக்குத் துணிவில்லை. ஆனால் துணி கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும், பெட்டியை ஓட்டிக்கொண்டே, அந்தப் பாராட்டுரையை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். தன்னந்தனியா, எவன் சொல்லியும் இல்ல, தானா திரும்பிப் போனான் சார் என் பய. கேட்பவர்களுக்கு அலுத்துப்போய், சிலர் சுருக்கத்தோடேயே சட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். வரும்போது உப்பி, போகும்போது தட்டையாகும் துணிகளுக்கு நடுவில் அந்தக் கிழவர் மட்டும் வருஷங்களாக உப்பிக்கொண்டே இருந்தார்.

சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மாமியார் ஒருமுறை கேட்டேவிட்டாள், உனக்குப் பெருமையாவே இல்லையா என்று. அதற்கு அவள் சொன்னதை மாமியார் கடைசிவரை மறக்கவில்லை.

"இருக்கு அத்தை. மலைக்குத் திரும்பிப் போகத் தெரிஞ்ச மனுஷனுக்கு வீட்டுக்குத் திரும்பி வரத் தெரியலையேன்னுதான்."

ஆண்டு விழா முடிந்த மறுநாள் அவள் இடமாற்ற விஷயத்தைச் சொன்னாள். சத்தம் போடவில்லை. பிள்ளை இந்தப் படத்துக்குக் கீழே வளர வேண்டாம், 'என்னைவிட' 'என்னைவிட' என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டே பெரியவளாக வேண்டாம், அவ்வளவுதான் என்றாள். மாமியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மாமனார் கீழே போய்ப் பெட்டியைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசம் மேலே ஏறி வந்தது. அவர் கையால் ஒரு சட்டை கருகியது அதுதான் முதல் தடவை. சட்டைக்காரர் ரொம்ப நல்லவர். அந்தக் கருகல் பார்க்க ஒரு இலை மாதிரி அழகாக இருக்கிறதென்று அதையே போட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்க மாமனார் கடை போனில் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாங்க வராத துணிகளின் சொந்தக்காரர்களைத் தேடுகிறார் என்று மாமியார் நினைத்தாள். பட்டாளத்தில் மகனோடு இருந்த வயர்லெஸ்காரர் வருகிறார் என்று வார இறுதியில் சொன்னார். ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று அந்த மனிதருக்கே இத்தனை வருஷம் ஓடிப்போனதாம், இப்போதுதான் நடக்கிறாராம். அவரை அழைத்துவர மாமனாரே பஸ் நிலையம் போனார். பஸ் நிலையம் கூப்பிடு தூரம். கண்டக்டரம்மா போட்டு வைத்த டீ ஆறிப்போய், மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறியது. வந்ததும் மாமனார், தம்பிக்குக் கால் வலி, உட்கார்ந்து உட்கார்ந்து பேசிக்கிட்டே வந்தோம் என்றார்.

வயர்லெஸ்காரர் கட்டுமஸ்தான ஆள். ஒரு கால் மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை ஒரு துப்பாக்கி மாதிரி நீட்டி வைத்துக்கொண்டார். குழந்தையிடம் பெயர் கேட்டார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தவர் எழுந்து நிற்க முயன்று, முடியாமல், தலையை மட்டும் தாழ்த்தினார். கண்டக்டரம்மா அவருக்கு நேரே உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை, டிக்கெட் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அண்ணே, அவரா போனாரா? இல்ல, யாராவது போகச் சொன்னாங்களா?"

வயர்லெஸ்காரர் மாமனாரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "யாரும் சொல்லல தங்கச்சி. அவனாத்தான் போனான்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அது தெரிந்ததுதான்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாமனாரைப் பார்த்துக்கொண்டார். பெரியவர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். மூடுபனி. முன்னால் போகிறவனின் பையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்களாம். இவன் எல்லோருக்கும் கடைசி, வயர்லெஸ்காரருக்குப் பின்னால். பாதி வழியில் பை இழுபடவே திரும்பிப் பார்த்திருக்கிறார். இவன் நின்றுவிட்டிருந்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"நெத்தியையா?" என்றாள் அவள்.

"நெத்தியத்தான். என்னடான்னு கேட்டேன். 'அடுப்ப அணைச்சேனா'ன்னான். மேல டீ போட ஒரு பம்ப் அடுப்பு வச்சிருந்தோம். கடைசியா டீ போட்டது அவன். அணைச்சிருப்படா, வாடான்னேன். 'அணைச்சிருப்பேன், ஆனா ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி'ன்னான். பையைக் கழட்டி எங்கிட்ட குடுத்தான். 'புடி, இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டு மேல ஏறினான்."

மாமியார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

மீதியை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதைச் சொல்லும்போது மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. மலையின் அந்தப் பக்கமிருந்து எதிரிகள் ஏறி வந்திருக்கிறார்கள், அரண் காலியென்று நினைத்து. இவனும் காலியென்று நினைத்துத்தான் போயிருக்கிறான். முதல் வெடிச் சத்தம் கேட்டபோது கீழே இருந்தவர்கள் பள்ளத்தைத் தாண்டவில்லை. சத்தம் நிற்காமல் கேட்டது. அவர்கள் எல்லோரும் தாண்டி முடிக்கும்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ஓடி வந்திருக்கலாமே அண்ணே."

"வந்திருந்தா அவன் பின்னாலயே அவங்களும் வந்திருப்பாங்க. நாங்க ஒருத்தரும் வீடு சேர்ந்திருக்கமாட்டோம். அங்க நின்னானே, அது வீரம் தங்கச்சி. அது சத்தியம். நான் உக்காந்திருக்கேனே, இதான் சாட்சி." கொஞ்சம் நிறுத்தி, மாமனாரைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "போனது மட்டும்தான் அடுப்புக்காக."

மாமியாருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையை நாடே வீரன் என்கிறது, நடுவீட்டில் உட்கார்ந்து அவன் அடுப்பைப் பார்க்கப் போனானென்று சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள். அப்போ மெடலு எதுக்குக் குடுத்தாங்க, அடுப்புக்கா என்று கேட்டாள். வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் பாராட்டுரையை ஒப்பித்த அந்தக் கிழவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்கச் சூடு பட்டு ரேகை அழிந்த கைகள். "அடுப்புக்குத்தான்" என்றார். "திருப்பிக் கேட்டாங்கன்னா குடுத்துருவோம்."

கண்டக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"நம்ம வீட்டுப் பய. வேற எதுக்கும்மா திரும்பிப் போவான்?"

பிறகு வயர்லெஸ்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாள். யாரும் எதிர்பார்த்திராத கேள்வி.

"அடுப்பு அணைஞ்சிருந்துச்சா?"

வயர்லெஸ்காரர் நீட்டிய காலைக் கையால் நகர்த்தி வைத்தார். மாமனாரைப் பார்த்தார். அறையில் எல்லோரும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தார்கள், சுவரில் இருந்தவன் உட்பட.

"அணைஞ்சுதான் இருந்திருக்கும்" என்றார் மாமனார். "எங்க அப்பா காலத்துக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் திரும்பிப் போய்ப் பார்த்து, எரிஞ்சுக்கிட்டு இருந்ததுன்னு சரித்திரமே கிடையாது."

முதலில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து மாமியார் தண்ணீர் எடுக்க எழுந்தாள். இருமல் இல்லை. அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அவளாலும் முடிந்திருக்காது. பதக்கம் வாங்கப் போன நாளில் வராத அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்று, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியதை எல்லாம் எழுத இங்கே இடம் போதாது. பஸ்ஸில் ஆரம்பித்தாள், பதிவு அலுவலகத்துக்கு வந்தாள், ரயிலைப் பிடித்தாள், மலை ஏறினாள். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது, அது உங்க அப்பன் வீட்டு அடுப்பா என்றாள். மாமனார் அதைக் கேட்டுப் பணிவாகத் தலையசைத்தார். இதோ வர்றேன்னு சொல்லிட்டுப் போனா வரணும், வரத் தெரியாதவன் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாது என்றாள். குழந்தைக்கு இப்போ என்ன உயரம் தெரியுமா என்றாள். நேரம் கழித்து வீட்டுக்கு வந்த புருஷனைத் திட்டுகிற அதே சூடு, அதே பாத்திரச் சத்தம். மாலை வெளிச்சத்தில் கீழே துணி வாங்க வந்து நின்றவர்கள் அண்ணாந்து கேட்டார்கள். உயிரோடு வந்துவிட்டான் போலிருக்கிறது என்று இரண்டு பேர் முடிவுகட்டி, விசாரிக்கப் படியேறி வந்தார்கள். பாதிப் படியில், அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்பதைக் கவனித்து, மெதுவாக இறங்கிப் போனார்கள்.

குழந்தை மாமியாரின் தோளைத் தொட்டு, அப்பா திட்டு வாங்குறாரா என்று கேட்டது. "ஆமாண்டி தங்கம்" என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்தபடி. "நல்லா வாங்கட்டும்." குழந்தைக்கு அது பிடித்திருந்தது. தன்னைப் போலவே திட்டு வாங்குகிற ஒரு ஆள் வீட்டில் இருப்பது அதற்கு இதுவரை தெரியாது. படத்துக்குக் கீழே போய் நின்று, அம்மா மூச்சு வாங்குகிற இடைவெளியில், நானும் ரெண்டு நாளா பல்லே தேய்க்கல என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது.

மாமனார் கீழே கடைக்குப் போனார். வாடிக்கையாளர் ஒருவர், என்ன பெரியவரே, இன்னிக்கு மகன் கதை இல்லையா என்று கேலியாகக் கேட்டார். "பெருசா ஒண்ணுமில்ல சார். மறதிக்காரப் பய" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை வயர்லெஸ்காரர் ஊர் திரும்பியது அவளுடைய வண்டியில்தான். டிப்போவிலிருந்து வண்டி எடுக்குமுன் மேலாளர் தன் அறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவள் கேட்ட மாதிரியே ஒரு ஊர் அகப்பட்டுவிட்டது, மூன்று வண்டி மாறினாலும் போய்ச் சேர முடியாத ஊர் என்று உற்சாகமாகச் சொன்னார். "இருக்கட்டும் சார், யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். இருக்கட்டும் என்றால் போவதா இருப்பதா என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும் அப்போது புரிந்திருந்ததாகச் சொல்ல முடியாது.

மாமனார் வழியனுப்ப வந்திருந்தார். கடையில் ஆளில்லை. பஸ் நிலையத்துக் கூட்டத்தில், பூட்டிய கடையின் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, வயர்லெஸ்காரரின் ஜன்னலோரம் நின்றார். பின்படியில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள். விசிலை வாயில் வைத்தாள், எடுத்தாள். ஏறுகிறவர்கள் யாரும் மிச்சமில்லை. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். விசில் ஊதினாள்.

வண்டி நகர்ந்தபோது வயர்லெஸ்காரர் இருக்கையின் கம்பியைப் பிடித்து, மடங்காத காலை ஊன்றி, பஸ்ஸுக்குள் எழுந்து நின்றார். முதுகு நேரானது. ஜன்னல் வழியாகக் கிழவரைப் பார்த்து, பட்டாளத்தில் மேலதிகாரிகளுக்கு வைக்கிற முழு சல்யூட் வைத்தார். வைத்த கையை இறக்கவில்லை. மாமனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்த்தார், பாதியில் விட்டார், சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார், சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். வண்டி வளைவில் திரும்பும்வரை பின்படியிலிருந்து அவளுக்குத் தெரிந்தது அதுதான்: கூட்டமெல்லாம் அவரவர் வண்டியைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்க, ஒரு ஆள் மட்டும், சுருக்கமே இல்லாத சட்டையை மேலிருந்து கீழாக நீவி நீவி விட்டுக்கொண்டு நின்றார்.

அந்த மலை அரணில் புகை தெரிந்தால் குண்டு விழும் என்பதால் நெருப்புப் பற்றவைக்கவே தடை. அங்கே அடுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை.